வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர்

சிவாலிக் மலையடியில் ஒரு சிற்றணையின் கதை

சண்டீகரில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போவார்கள் என்று கேட்கவே வேண்டாம். சுக்னா ஏரிக்கரைக்குத்தான். செக்ரடேரியட் குமாஸ்தா, பாங்க் ஊழியர், கட்டட வேலைக்கு வந்த மேஸ்திரி எல்லோருக்கும் அந்தக் கரையில் இடம் உண்டு. வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நடை நடந்தால் வாரம் முழுவதும் பைல் புரட்டிய அலுப்பு தீர்ந்துவிடும். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் முதலில் கூட்டிப் போய்க் காட்டும் இடமும் அதுதான். "நம்ம ஊர் ஏரி மாதிரி இருக்கிறதே!" என்று வந்தவர்கள் சொல்வதும் உண்டு.

அவர்கள் சொல்வதில் தவறில்லை. சுக்னாவும் மண்கரை போட்ட ஏரிதான். மலையிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் ஓடிவரும் ஒரு காட்டாற்றை மறித்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பி, 1958-ல் அமைத்தார்கள். நகரைத் திட்டமிட்ட பிரெஞ்சு நிபுணர் லெ கொர்பூசியேயும் சீப் என்ஜினீயர் பி.எல். வர்மாவும் சேர்ந்து செய்த வேலை. கரைமேல் மோட்டார் வண்டி போகக்கூடாது, ஏரியில் மோட்டார் படகு விடக்கூடாது என்று கொர்பூசியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏரியின் அமைதி கெடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

மோட்டாருக்குத் தடை போட்டாயிற்று. சேற்றுக்கு யார் தடை போடுவது?

ஏரி அமைந்த நாளிலிருந்தே ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலையிலிருந்து வண்டல் வந்து இறங்கியது. பதினைந்து, பதினாறு ஆண்டுகளுக்குள் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. வாரினார்கள், மறு மழையில் மறுபடியும் வந்தது. 1974-ல் காட்டாற்றையே ஏரிக்குள் நேராக விடாமல் வேறு வழியாகத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. வாரிக் கொட்டும் செலவோ ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது.

இவ்வளவு மண்ணும் எங்கிருந்துதான் வருகிறது என்று தேடிக்கொண்டு ஒரு கூட்டம் ஓடையின் போக்கிலேயே மேலே ஏறியது. மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டீகர் கிளையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தலைவர் பி.ஆர். மிஸ்ரா. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சுகோமாஜ்ரி என்ற குக்கிராமம். சண்டீகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரம். ஹரியானா மாநிலம், இப்போது பஞ்ச்குலா மாவட்டத்தில் இருக்கிறது.

ஆடும் மலையும்

ஊரில் அப்போது அறுபது குடும்பங்களுக்குள்தான் இருக்கும். எல்லோரும் குஜ்ஜர்கள்; கால்நடை வளர்ப்பவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஆனால் மழையை நம்பிய நிலம். மழை வந்தால் கோதுமை, மக்காச்சோளம், வராவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே ஆடு வளர்த்தார்கள். ஊரில் இருநூறுக்கு மேல் ஆடுகள். அவை சுற்றியிருந்த குன்றுகளில் புல்லையும் செடியையும் வேரோடு மேய்ந்தன. வீட்டு அடுப்புக்கு விறகும் அங்கிருந்துதான். குன்று மொட்டையாயிற்று.

சிவாலிக் மலை என்றால் நம்மவர்கள் பாறை மலை என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. நீலகிரியும் சேர்வராயனும் வேறு, இது வேறு. மணலும் களியும் கூழாங்கல்லுமாகக் குவித்து வைத்ததுபோல் இருக்கும் இளமையான மலை. மேலே புல்லும் மரமும் போர்த்தியிருந்தால்தான் நிற்கும். போர்வை போனால் மழையில் கரைந்து இறங்கிவிடும். அங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரே நாள் மழையில் ஓடை கரையை அரித்து வயலைத் தின்றுவிடும். அப்படித் தின்ற வயல் மண்தான் சுக்னாவின் அடியில் போய் உட்கார்ந்தது. சுகோமாஜ்ரிக்காரன் இழந்த நிலமும் சண்டீகர்வாசி வாரிக் கொட்டிய சேறும் ஒன்றேதான்.

வந்த அதிகாரிகள் முதலில் வழக்கமான வைத்தியத்தைத்தான் செய்தார்கள். மரக்கன்று நட்டார்கள், சரிவில் குழி வெட்டினார்கள், ஓடையில் சிறுசிறு தடுப்புகள் வைத்தார்கள். மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படிப் போட்டுக்கொள்வார்கள்? ஏரி சண்டீகர்காரனுடையது, படகு விடுகிறவனும் அவன்தான். அவன் உல்லாசத்துக்காக இவன் ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது? நட்ட கன்றுகளை ஆடுகள் மேய்ந்து தீர்த்தன.

கரை எழுந்தது

1976-ல் ஊருக்கு மேலே ஓர் ஓடையின் குறுக்கே சின்னதாக ஒரு மண் அணை கட்டினார்கள். பெரிய யோசனை எதுவும் அப்போது இல்லை. ஓடை வயலை அரிப்பதைத் தடுப்பதும், வண்டல் கீழே போகாமல் பிடிப்பதுந்தான் நோக்கம்.

மண் அணை என்றதும் மண்ணைக் கொட்டி மேடு பண்ணிவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படிக் கொட்டிய கரை முதல் மழைக்கே போய்விடும். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடை குறுகும் இடமாகப் பார்க்க வேண்டும். குறுகின இடத்தில் கரை நீளம் குறையும், செலவும் குறையும். புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணைச் சுரண்டி அகற்ற வேண்டும். கரையின் அடியில் கெட்டி மண் தட்டும் வரை நீளவாக்கில் பள்ளம் தோண்டிக் களிமண் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடியால் ஊறிக் கரையைத் துளைத்துவிடும். பிறகு ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டித்து, அதன் மேல் அடுத்த வரிசை. நம் ஊரில் திமிசுக் கட்டையால் இடித்ததும், மாடுகளை ஓட்டி மிதிக்க வைத்ததும் இதற்குத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கலிங்கல். மிகையான வெள்ளம் கரைமேல் ஏறாமல் பக்கத்தில் வழிந்து போக வழி. மண்கரையின் மேல் ஒரு விரல் கனம் தண்ணீர் வழிந்தாலும் அது கரையை அறுத்துவிடும். கல்லணை தாங்கும், மண் தாங்காது. கிராமத்து ஏரிகள் உடைந்த கதைகளை விசாரித்தால் பாதிக்கு மேல் கலிங்கல் அடைபட்ட கதையாகத்தான் இருக்கும். மீதி எலி வளையும் நண்டு வளையும்.

அணை கட்டியாயிற்று, மழைநீரும் தேங்கிற்று. ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, மாடு குடிக்க ஒரு குட்டை கிடைத்தது என்பதைத் தவிர.

அதன் பின் வந்த ஒரு கோதுமைப் பருவத்தில் குளிர்கால மழை கைவிட்டது. கதிர் பிடிக்கும் நேரம். பயிர் கண்ணெதிரே வாடியது. மேலே அணையில் தண்ணீர் சும்மா கிடந்தது. அதைக் கொஞ்சம் வயலுக்கு விடக்கூடாதா என்று விவசாயிகள் கேட்டார்கள். விட்டார்கள். தண்ணீர் பாய்ந்த வயலில் கோதுமை விளைந்தது. பக்கத்து வயலில் காய்ந்தது. ஒரு வரப்புதான் நடுவில். ஆராய்ச்சி நிலையம் ஆண்டுக்கணக்காகப் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த வரப்பு புரியவைத்துவிட்டது.

மிஸ்ராவுக்கும் அன்றுதான் புரிந்திருக்க வேண்டும். அதுவரையில் அவர்கள் ஊரைக் கேட்டது ஏரிக்காக. இனிக் கேட்கப் போவது ஊருக்காக. இந்த அணை தூராமல் இருக்க வேண்டுமானால் மேலே குன்றில் புல் இருக்க வேண்டும். புல் இருக்க வேண்டுமானால் ஆடு அங்கே ஏறக்கூடாது. தங்கள் வயலுக்குத் தண்ணீர் என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? ஃபோர்டு பவுண்டேஷன் பண உதவி செய்தது. மேலும் அணைகள் எழுந்தன, 1985-க்குள் நான்கு. அணையிலிருந்து வயல்வரை மண்ணுக்கடியில் குழாய் பதித்தார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி வந்தது. பம்பு செட்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.

தண்ணீர் யாருடையது?

இங்கேதான் தகராறு வந்தது. கரை கட்டுவதைவிடக் கடினமான வேலை இதுதான்.

அணைத் தண்ணீர் எட்டிய வயல்காரர்களுக்கு இரண்டு போகம். எட்டாதவர்களுக்கும், நிலமே இல்லாத ஒரு சிலருக்கும் மேய்ச்சலை விட்டதுதான் மிச்சம். அவர்கள் ஏன் ஆட்டைக் கட்ட வேண்டும்? மறுபடியும் மலையில் ஓட்டினார்கள். நாலு பேர் ஓட்டினால் போதும். நாற்பது பேர் காத்த புல் போய்விடும்.

நம் ஊர் ஏரிப்பாசனத்தை நினைத்துப் பார்க்கலாம். ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு. ஆயக்கட்டில் நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர். நிலமில்லாதவன் கரை உயர்த்த மண் சுமப்பான், மதகு அடைக்கக் கூப்பிட்டால் நடுராத்திரியில் ஓடுவான், ஏரியில் குளிப்பான். தண்ணீரில் பங்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் வைத்து, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க விதி எழுதிக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் நம்முடையதுதான். அந்த வாரியத்தில் அமரவும் சொந்த நிலம் வேண்டும் என்பது அதே கல்வெட்டில் இருக்கிறது.

சுகோமாஜ்ரியில் வேறு விதமாக முடிவு செய்தார்கள். அணைத் தண்ணீரில் ஊரில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமாக ஒரு பங்கு. நிலம் அதிகம் இருந்தாலும் ஒரு பங்கு. கொஞ்சம் இருந்தாலும் ஒரு பங்கு. இல்லாவிட்டாலும் ஒரு பங்கு. நிலமில்லாதவன் தன் பங்கை வேண்டியவனுக்கு விற்கலாம், அல்லது ஒருவன் நிலத்தில் தண்ணீரைப் பாய்ச்சி விளைச்சலில் பாகம் கேட்கலாம். பதிலுக்கு ஒவ்வொரு குடும்பமும் மலையில் ஆடு மேய்க்காது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மீறினால் தண்ணீர் இல்லை.

இதற்காகத் தண்ணீர்ச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. பிற்பாடு அது மலைவள மேலாண்மைச் சங்கம் என்ற பெயரில் நடந்தது. முள்வேலி கிடையாது, காவல்காரன் கிடையாது, ஊரே வேலி. இதற்கு மிஸ்ரா 'சமூக வேலி' என்று பெயர் வைத்தார்.

ஏறத்தாழ இதே காலத்தில் மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்து நாய்காவ் கிராமத்திலும் இதுபோன்ற யோசனை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே விலாஸ்ராவ் சாளுங்கே என்ற என்ஜினீயர் 1972 பஞ்சத்தைப் பார்த்துவிட்டுத் தொழிலை விட்டு வந்து, கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரை போட்டுத் தண்ணீர் பிடித்தார். தண்ணீர் உரிமை நிலத்தின் அளவைப் பொறுத்ததல்ல, வீட்டில் உள்ள தலைகளைப் பொறுத்தது என்று விதி செய்தார். கரும்பு போடவே கூடாது என்றார். அதுதான் பானி பஞ்சாயத்து. அது ஒரு தனிக் கதை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே கேள்விக்கு ஏறக்குறைய ஒரே பதிலைக் கண்டார்கள் என்பது மட்டும் இங்கே போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சுகோமாஜ்ரியில் எல்லோரும் ஒரே ஜாதி. நிலமும் ஏறக்குறைய ஆளுக்கு ஒரே அளவு. நிலமில்லாதவர்கள் மிகச் சிலர். நூறு ஏக்கர்காரன் ஒருவனும் கூலிக்காரர்கள் நூறு பேரும் உள்ள ஊரில் இந்தச் சமபங்கு இவ்வளவு சுலபமாக வந்திருக்குமா என்றால், வந்திராது.

புல்லும் கயிறும் எருமையும்

அணையால் வந்த பலன் வயலோடு நிற்கவில்லை. கரையோரத்தில் மாடு குளிப்பாட்டலாம், தண்ணீர் காட்டலாம். தேங்கிய நீரில் மீன் வளர்த்துக் குத்தகைக்கு விட்டால் சங்கத்துக்குக் காசு. ஆனால் பெரிய வருமானம் மலையிலிருந்து வந்தது. அதுதான் பாபர் புல்.

பாபர் என்பது சிவாலிக் சரிவுகளில் தானாக வளரும் நீளப் புல். இளசாக இருக்கும்போது மாட்டுத் தீவனம். முற்றினால் கயிறு திரிக்கலாம். கட்டில் பின்னுவது அந்தக் கயிற்றில்தான். அதற்கும் மேல் காகித ஆலைகள் அதைக் கூழுக்கு வாங்கின. காட்டிலாகா ஆண்டுதோறும் இந்தப் புல்லைக் காண்டிராக்டருக்கு ஏலம் விடுவது வழக்கம். ஊர்க்காரன் தன் வீட்டுக்குப் பின்னால் முளைத்த புல்லைத் தன் மாட்டுக்கு அறுக்கக் காண்டிராக்டருக்குப் பணம் கட்ட வேண்டும்!

அந்த ஏலத்தைச் சங்கத்துக்கே கொடுத்துவிடச் சொல்லி மிஸ்ராவும் மற்றவர்களும் வாதாடினார்கள். காண்டிராக்டர் கட்டிவந்த தொகையைச் சங்கம் இலாகாவுக்குக் கட்டிவிடும். மேற்கொண்டு வருவது ஊருக்கு. ஹரியானா காட்டிலாகா ஒப்புக்கொண்டது. சங்கம் அரிவாளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, எந்த வீட்டுக்காரரும் வேண்டிய தீவனம் அறுத்துக்கொள்ள விட்டது. முற்றிய புல்லை ஆலைக்கு விற்றது. வந்த பணத்தில் அணையைச் செப்பனிட்டார்கள். ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

தீவனம் வந்ததும் வீட்டின் நிலவரமே மாறியது. ஆட்டை விற்று எருமை வாங்கினார்கள். பத்து ஆண்டுக்குள் ஆடுகள் விரல்விட்டு எண்ணும்படி ஆயின. எருமைகள் பல மடங்கு பெருகின. எருமையைத் தொழுவத்தில் கட்டிப் புல் போடலாம். ஆடு அப்படி நிற்காது. பால் சண்டீகருக்கும் பிஞ்சோருக்கும் போயிற்று. சுகோமாஜ்ரி எருமைப் பாலில் சண்டீகர்த் தமிழர் வீட்டுக் காப்பியும் ஒரு நாள் கலந்திருக்கலாம்.

பெண்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும். புல் அறுத்துச் சுமப்பதும், விறகு தேடுவதும், எருமைக்குப் பார்ப்பதும் அவர்கள்தானே? சங்கத்துக் கூட்டத்தில் முதலில் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நாடா என்ற கிராமம். அங்கும் இதே முறையில் அணை வந்தது. மது சரீன் என்ற கட்டடக்கலை நிபுணர் அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து, விறகு குறைவாகச் செலவாகிற, புகை வெளியே போகிற மண் அடுப்பு ஒன்றை அவர்கள் கையாலேயே செய்யச் செய்தார். 'நாடா சூலா' என்று அந்த அடுப்பு நாடெங்கும் பெயர் வாங்கிற்று. மலையைக் காக்க வேண்டுமென்றால் அடுப்பையும் பார்க்க வேண்டும் என்பது கமிட்டி அறிக்கைகளில் பிந்தித்தான் வந்தது. அடுப்பூதும் பெண்களுக்கு அது முன்னமே தெரியும்.

மலையில் நடந்ததைக் கணக்கே சொல்கிறது. 1976-ல் ஹெக்டேருக்கு 13 மரங்கள் இருந்தன. 1992-ல் 1,272. பெரும்பாலும் கைர் மரம். நம் கருங்காலி வகை. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி இதன் வைரத்தைக் காய்ச்சி எடுப்பதுதான். சுக்னாவுக்குள் போகும் வண்டல் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது என்று ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. வாரும் செலவில் சண்டீகருக்கு ஆண்டுதோறும் மிச்சமானது லட்சக்கணக்கில்.

டில்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். 1990-ல் ஹரியானா சர்க்கார் காட்டைக் கிராம சங்கங்களோடு சேர்ந்து பராமரிக்கும் திட்டம் கொண்டுவந்ததற்கு இந்த ஊர்தான் முன்மாதிரி. மிஸ்ரா பிற்பாடு பீகாரின் பலாமு பக்கம் போய் இதே வேலையை அங்கே வேறு விதமாகத் தொடர்ந்தார்.

வருமான வரி நோட்டீஸ்

அப்புறம் ஒரு நாள் வருமான வரி இலாகாவின் கண் பட்டது. சங்கத்துக்குப் புல்லில் வருமானம் வருகிறதல்லவா? வரி கட்டு என்றார்கள். இந்தியாவிலேயே வருமான வரி விதிக்கப்பட்ட முதல் கிராமம் என்று சுகோமாஜ்ரிக்குப் பத்திரிகைகளில் பெயர் வந்தது. மாதச் சம்பளத்தில் பிடித்தம் போக வாங்கும் குமாஸ்தாக்களுக்கு இதன் வேதனை விளங்கும். ஆனால் இவர்களுடைய வருமானம் ஒருவருடைய சம்பளமல்ல; ஓர் ஊர் தன் மலையைக் காத்ததற்கு வந்த புல் காசு.

அதோடு போகவில்லை. விற்பனை வரி வந்தது. புல் வருமானத்தில் காட்டிலாகா கேட்கும் பங்கும் ஏறிற்று. மறுபக்கம் காகித ஆலைகள் வேறு மூலப்பொருளுக்குப் போகவே பாபர் புல்லுக்கு விலை இறங்கியது. கட்ட வேண்டியது ஏறி, வர வேண்டியது இறங்கினால் சங்கத்தில் என்ன மிஞ்சும்? 1990-களின் கடைசியில் வந்து பார்த்தவர்கள் சங்கத்தில் பழைய சுறுசுறுப்பைக் காணவில்லை.

குடும்பத்துக்கு ஒரு பங்கு என்ற ஏற்பாடும் நிலைக்கவில்லை. எத்தனை மணி நேரம் தண்ணீர் எடுக்கிறாயோ அத்தனைக்குக் காசு கட்டு என்ற முறை வந்தது. கணக்குப் பார்ப்பதற்கு அது சுலபம். ஆனால் நிலமில்லாதவன் கையிலிருந்த பங்கு அதோடு மறைந்துபோயிற்று. அவன் இனி எதற்காகக் குன்றைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு மணிக்கணக்குத் தண்ணீரில் பதில் இல்லை.

அணைகளும் தூர்ந்தன. எந்தச் சிற்றணையும் ஒரு நாள் தூரும். மேலே எவ்வளவு புல் இருந்தாலும் கொஞ்சம் வண்டல் வரத்தான் செய்யும். ஆண்டுக்கு ஒரு தரம் வாரினால் நிற்கும். வாருவதற்குச் சங்கத்தில் பணம் வேண்டும். இல்லாவிட்டால் ஊரார் கையில் மண்வெட்டி வேண்டும். ஊரின் பிள்ளைகளோ படித்தார்கள். சண்டீகர், பஞ்ச்குலா, பர்வாணு என்று வேலைக்குப் போக வழி இருந்தது. வேலை தேடி வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் ஏரிகளைத் தூர் வார இன்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் இருக்கும்.

ஏரிக்கரையில்

கீழே சுக்னாவின் கதை இன்னொரு விதமாகப் போயிற்று. ஏரிக்கு வரும் நீர்வழிகளில் இலாகாக்காரர்கள் பின்னும் பின்னும் தடுப்பணைகளைப் போட்டுக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. சேறு நின்றது, தண்ணீரும் குறைந்தது. 2012 கோடையில் ஏரியில் பெரும்பகுதி வறண்டு, படகுகள் விடும் இடத்தில் வெடித்த சேறு தெரிந்தது. முன்பு வாருவதற்கு ஆள் தேடினார்கள்; பிறகு நிரப்புவதற்குத் தண்ணீர் தேடினார்கள். 2020 மார்ச்சில் பஞ்சாப், ஹரியானா ஹைகோர்ட் சுக்னாவை உயிருள்ள ஒரு ஜீவனாகக் கருத வேண்டும் என்றும், அதற்கும் சட்டப்படி உரிமைகள் உண்டு என்றும் தீர்ப்புச் சொல்லிற்று.

ஏரிக்கு உரிமை வந்தது நல்லதுதான். மலையடி ஊரின் உரிமை என்னவாயிற்று? அணை கட்டப் பணம் கொடுத்தார்கள். அது ஒரு தடவை கொடுத்தது. ஆண்டுதோறும் சேறு வாராமல் மிச்சமான பணத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் மேலே போக வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் வரவில்லை. சுகோமாஜ்ரியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் பலர் இதைச் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். பெரிய தொகைகூட வேண்டியதில்லை. நான்கு சிற்றணைகளை ஆண்டுக்கு ஒரு தரம் வாரி, எலி வளை அடைத்து, கலிங்கல் கல்லைச் சரிபார்க்க எவ்வளவு ஆகும்?

1988 முதல் சண்டீகர்வாசிகள் கோடை தோறும் தாங்களாகவே ஏரியில் இறங்கிச் சேறு அள்ளும் சிரமதானம் ஒன்று நடத்திவந்தார்கள். ஆபீசர், மாணவர், வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் வரிசையில் நின்று கூடை கை மாற்றினார்கள். மேலே, 30 கிலோமீட்டர் தூரத்தில், அதே மண்ணை அணையில் பிடித்து வைத்தவர்களுக்கு அந்த வரிசை எட்டவில்லை.